வளையம் மாட்டினால் பறவை சிக்குமா?

மிரர்லெஸ் கேமரா வாங்கியாகிவிட்டது. பீரோவில் கிடக்கும் பழைய லென்ஸை விற்பதா, வைத்துக்கொள்வதா? ஏரிக்கும் காட்டுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் டீக்கடையில் ஓயாமல் பேசும் விஷயம் இப்போது இதுதான்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியல். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ரேடியல் சாலையில் லாரிகளின் ஹெட்லைட் இன்னும் அணையவில்லை. ஓரமாக மூன்று பேர். மூவர் கையிலும் மிரர்லெஸ் கேமராதான், முன்னால் மாட்டியிருப்பதுதான் வேறு வேறு. இருபத்தைந்து வயது இளைஞரிடம் சோனியின் 200–600 லென்ஸ், அந்த கேமராவுக்கென்றே செய்தது. பக்கத்தில் நிற்கும் வங்கி ஊழியரிடம் நிக்கானின் பழைய 200–500. பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு கறுப்பு வளையம். மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடையது 1970-களின் 300 மி.மீ. லென்ஸ். ஃபோகஸ், அப்பெர்ச்சர் எல்லாமே கையால்தான் திருக வேண்டும்.

கோரைக்கு மேல் தாழ்வாக வந்துகொண்டிருந்த சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று, நாமக்கோழிக் கூட்டத்தைப் பார்த்ததும் சட்டென்று இறக்கையைச் சாய்த்தது. கூட்டம் மொத்தமும் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடியது. முதல் இருவரின் கேமராவும் படபடவென்று பொரிந்தன. இளைஞருக்குப் பருந்தின் கண் வரை கூர்மையாக வந்துவிட்டது. வங்கி ஊழியருக்கு இரண்டு, மூன்று படம் நழுவினாலும் மிச்சமெல்லாம் தேறிவிட்டன. ஆசிரியர் வளையத்தைத் திருகி முடிப்பதற்குள் பருந்து மின்கம்பத்தைத் தாண்டிப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் சாம்பல் நாரை ஒன்று மீனைக் குறுக்காகக் கவ்வியபடி கரைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. மீனைத் திருப்பி, தலைப்பக்கமாக விழுங்குவதற்கு அது நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டது. மூன்று பேரும் எடுத்தார்கள். ஆசிரியரின் கேமரா திரையை எட்டிப் பார்த்த இளைஞர், படத்தைப் பெரிதாக்கினார். நாரையின் மார்பில் தொங்கும் இழை இழையான இறகுகள் தனித்தனியாகத் தெரிந்தன.

“என்ன லென்ஸ் சார் இது?”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடி வாங்குனது தம்பி.”

பருந்தும் நாரையும் ஒரே காலையில் சொன்னது இரண்டு வேறு பதில். பழைய லென்ஸ் தேறுமா, தேறாதா என்று பொதுப்படையாகக் கேட்பவர்களுக்கு உருப்படியான பதில் கிடைக்காமல் போவதற்குக் காரணமும் அதுதான். எதைப் படமெடுக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

கண்ணாடி போனது, இடம் மிஞ்சியது

டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும். அது ஆட இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் தள்ளியே இருந்தது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. லென்ஸ் சென்சாரை நெருங்கிவிட்டது. இந்த மிச்ச இடத்தை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பினால், பழைய லென்ஸ் தனக்குப் பழக்கமான தூரத்திலேயே நிற்கும். அடாப்டர் என்பதன் மொத்த சூட்சுமமும் இவ்வளவுதான்.

2008-ல் பானசோனிக் ஜி1 வந்தபோதே ஆராய்ச்சிக்காரர்கள் பழைய லென்ஸ்களை மாட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 2013-ல் சோனியின் ஏ7 முழு அளவு சென்சாரோடு வந்ததும் அந்தப் பித்து பரவியது. 2018-ல் நிக்கானும் கேனானும் புது மவுண்ட்டோடு இறங்கின. வாடிக்கையாளர் ஓடிவிடக் கூடாதே என்று இரண்டுமே முதல் நாளிலேயே சொந்த அடாப்டரையும் கடைக்கு அனுப்பின. அனுப்பாமல் இருக்க முடியாது. 2014-லேயே கேனானின் இஎஃப் லென்ஸ் உற்பத்தி பத்து கோடியைத் தொட்டிருந்தது; 2016-ல் நிக்கானின் நிக்கார் லென்ஸ்களும் அதே எண்ணிக்கையை எட்டின. அத்தனை லென்ஸ்களையும் ஒரே நாளில் பழைய இரும்பு என்று அறிவிக்க எந்த நிறுவனத்துக்குத் துணிச்சல் வரும்?

【 பெட்டிச் செய்தி: எந்த மவுண்ட், எத்தனை மில்லிமீட்டர்? 】

லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம்:

நிக்கான் எஃப் (1959 முதல்) – 46.5
பழைய திருகு மவுண்ட் எம்42 – 45.46
கேனான் இஎஃப் (1987 முதல்) – 44
கேனான் ஆர்எஃப் – 20
சோனி இ – 18
ஃப்யூஜி எக்ஸ் – 17.7
நிக்கான் இஸட் – 16

பெரிய எண்ணுள்ள லென்ஸைச் சிறிய எண்ணுள்ள கேமராவில் மாட்டலாம். தலைகீழாக முடியாது. சோனி லென்ஸை நிக்கான் இஸட் பாடியில் மாட்ட 2 மி.மீ. இடம் இருக்கிறது, அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் மின்னணுப் பாகங்களைத் திணித்து அடாப்டர் விற்கவும் செய்கிறார்கள். நிக்கான் இஸட் லென்ஸ் சோனியில் ஏறாது.

படம் கெடுமா?

அடாப்டர் மாட்டினால் தரம் குறையும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நிக்கான், கேனான் நிறுவனங்களின் அடாப்டர்களைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடியே இல்லை, காற்றுதான். காற்று எப்படிப் படத்தைக் கெடுக்கும்? நடுவில் லென்ஸ் வைத்த அடாப்டர்கள் வேறு ரகம். அவற்றில் மலிவானவை படத்தை நிஜமாகவே பாழாக்கும்.

சொல்லப்போனால், சில பழைய லென்ஸ்கள் மிரர்லெஸ்ஸில் முன்பைவிடக் கூர்மையாகத் தெரிகின்றன. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பதற்குத் தனி சென்சார், படம் பிடிப்பதற்குத் தனி சென்சார். இரண்டுக்கும் மயிரிழை ஒத்துப்போகாவிட்டால் மீன்கொத்தியின் கண்ணுக்குப் பதில் வால் கூர்மையாக வரும். அதைச் சரிசெய்யச் சுவரில் செய்தித்தாளை ஒட்டிவைத்து ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியவர்கள் ஏராளம். மிரர்லெஸ்ஸில் படம் விழும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் அந்தத் தலைவலி ஒழிந்தது. எஃப் 5.6 லென்ஸில் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைச் சேர்த்தால் எஃப் 8 ஆகும். பல டிஎஸ்எல்ஆர்கள் அங்கேயே திணறி நின்றுவிடும். மிரர்லெஸ்ஸுக்கு எஃப் 8 ஒரு பொருட்டில்லை. 2020-ல் கேனான் எஃப் 11 அளவில் 600, 800 மி.மீ. லென்ஸ்களைத் தைரியமாக இறக்கியது இந்த பலத்தில்தான்.

நடுவில் ஒரு துபாஷி

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கண்ணாடியில் இல்லை, பேச்சில் இருக்கிறது. லென்ஸும் பாடியும் நொடிக்குப் பல முறை பேசிக்கொள்கின்றன. ‘கொஞ்சம் முன்னால் போ, நில், பின்னால் வா’ என்று பாடி சொல்ல, லென்ஸுக்குள் இருக்கும் மோட்டார் அதைச் செய்கிறது. இரண்டும் ஒரே மொழி பேசினால் சிக்கல் இல்லை. வேறு வேறு மொழி என்றால், அன்றைய மதராஸில் கம்பெனிக்காரனுக்கும் வியாபாரிக்கும் நடுவே நின்ற துபாஷி மாதிரி, அடாப்டருக்குள் ஒரு சிப் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும். துபாஷி எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைப் பொறுத்தே வியாபாரம்.

இதில் கேனான்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1987-லேயே லென்ஸுக்குள் மோட்டார், மின்சாரத்தில் இயங்கும் அப்பெர்ச்சர் என்று முழுக்க மாறிவிட்டதால், இஎஃப் லென்ஸைப் புது ஆர் வரிசை பாடியில் மாட்டினால் மொழிபெயர்ப்புக்கே அதிக வேலை இல்லை. இலைக்கோழியின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி, 400 மி.மீ. எஃப் 5.6 மாதிரியான 1993-ம் வருடத்து லென்ஸிலும் வேலை செய்கிறது. உள்ளே ஆட்டம் தடுக்கும் வசதி இல்லாத அந்த லென்ஸுக்கு, சென்சாரையே அசைத்து ஆட்டம் தடுக்கும் புது பாடி ஒரு வரம். ஒரு குறை: பழைய லென்ஸ்கள் பலவற்றில் பாடியின் உச்சபட்ச பர்ஸ்ட் வேகம் கிடைக்காது.

நிக்கானின் கதை அவ்வளவு சுகமில்லை. பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. பாடியிலிருந்து ஒரு திருகுமுனை நீண்டுவந்து லென்ஸைச் சுழற்றும். நிக்கானின் எஃப்டிஇஸட் அடாப்டரில் அந்தத் திருகுமுனையை வைக்கவில்லை. 2021-ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் வைக்கவில்லை. விளைவு, ஒரு காலத்தில் பறவை ஆர்வலர்கள் ஆசை ஆசையாக வாங்கிய 80–400 டி லென்ஸ் இன்று அந்த அடாப்டரில் கையால் திருகும் லென்ஸ். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்று பெயரில் இருந்தால் பயமில்லை. 200–500, 500 பிஎஃப் இரண்டும் அந்த ரகம். அதனால்தான் பள்ளிக்கரணை வங்கி ஊழியருக்குப் பருந்து கிடைத்தது.

நிறுவனம் தாண்டி நிறுவனம் மாட்டும்போதுதான் துபாஷியின் குட்டு வெளிப்படும். கேனான் லென்ஸை சோனி பாடியில் மாட்ட சிக்மா 2016-ல் எம்சி-11 கொண்டுவந்தது. மெட்டாபோன்ஸ் நிறுவனத்தின் அடாப்டர் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. நிற்கும் யானைக்கும், மேயும் வரையாட்டுக்கும் போதும். எதிரே பறந்துவரும் ஆலாவைத் தொடரச் சொன்னால் பல நேரம் மூச்சு வாங்கும். போதாததற்கு நிறுவனங்களே வேலி போடுகின்றன. சோனியின் அதிவேக பாடிகள் நொடிக்கு 20, 30 படம் எடுக்கக்கூடியவை. பிற நிறுவன லென்ஸ் என்று தெரிந்தால் 15-க்கு மேல் எடுக்க விடுவதில்லை. அந்த லென்ஸ் சோனி மவுண்ட்டுக்கென்றே செய்ததாக இருந்தாலும் இதே கதிதான்!

பாடியின் மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் கவனம் தேவை. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்த மூன்றாம் நிறுவன லென்ஸ் இன்று முரண்டு பிடிக்கலாம். அடாப்டர்காரர் தன் பங்குக்குப் புதுப்பிப்பு வெளியிடும் வரை காத்திருக்க வேண்டும். கோடியக்கரைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

கிருஷ்ணனின் ‘சூப்பர் பாண்டரோசா’

ஒட்டுப்போட்ட கேமராவோடு காட்டுக்குப் போவது ஏதோ இந்தத் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் மா.கிருஷ்ணனைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன், சென்னைவாசி, 1950 முதல் 1996-ல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றி எழுதியவர். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். ஒரு நிறுவனத்தின் பாடி, இன்னொன்றின் டெலி லென்ஸ், நடுவே தானே பொருத்திய துண்டு துணுக்குகள் என்று சேர்த்து அவர் உருவாக்கிய கனத்த கருவிக்கு, அவரே ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளை இன்றும் மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எடுத்தது பெரும்பாலும் யானை, காட்டெருமை, மான் போன்ற பெரிய விலங்குகள். பொறுமையாகக் காத்திருந்து, அவற்றின் அடுத்த அசைவை முன்கூட்டியே ஊகித்து எடுத்தார். பஞ்சுருட்டான் தட்டாம்பூச்சியைக் கவ்வும் நொடியை அந்தக் கருவியில் தேடக் கூடாது. தன் கருவியால் எது முடியும் என்று தெரிந்து அதற்கேற்ற உயிர்களின் பின்னால் போனார். இன்று கருவியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கு எந்தப் பறவை பொருந்தும் என்று பிறகு தேடுகிறோம்.

பறக்காதவை, ஓடாதவை

பூ, பூச்சி, சிலந்தி, காளான், அருவி, மலை. பழைய லென்ஸின் ராஜ்ஜியம் இதுதான். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவன் காலை வெயிலில் இறக்கையை விரித்து உட்காரும்போது, நாற்பது வருடத்து மேக்ரோ லென்ஸே போதும். மிரர்லெஸ்ஸின் வ்யூஃபைண்டரில் கூர்மையான விளிம்புகளுக்கு மட்டும் சிவப்போ மஞ்சளோ பூசிக் காட்டும் வசதி உண்டு. ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கியும் காட்டும். மேனுவல் ஃபோகஸ் இதுபோல் எளிதாக இருந்ததே இல்லை. மேக்ரோ எடுப்பவர்கள் எப்படியும் ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதில்லை, உடம்பைத்தான் முன்னும் பின்னும் அசைக்கிறார்கள்.

இழப்பும் உண்டு. ஃபோகஸை இழை இழையாக நகர்த்தி வரிசையாகப் படமெடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்கும் வித்தையைக் கேமரா தானாகச் செய்ய வேண்டுமானால், லென்ஸில் பாடியின் பேச்சைக் கேட்கும் மோட்டார் வேண்டும். பழைய மேனுவல் லென்ஸில் அது நடக்காது.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. தொடர்பு முனையே இல்லாத லென்ஸை மாட்டும்போது, அது எத்தனை மில்லிமீட்டர் என்று பாடிக்குத் தெரியாது. மெனுவுக்குள் போய் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நேற்று 300 என்று வைத்துவிட்டு, இன்று 50 மாட்டிக்கொண்டு போனால் சென்சார் தப்பான அளவில் அசையும். ஆட்டத்தைத் தடுக்க வேண்டிய வசதியே படத்தை ஆட்டிவிடும். பழைய லென்ஸில் எல்லாப் படமும் மங்கலாக இருக்கிறது என்ற புகாரோடு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

நிலக்காட்சிக்காரர்களுக்கு வேறு எச்சரிக்கை. ஃபிலிம் காலத்து டெலி லென்ஸ்கள் டிஜிட்டலில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. லைக்கா எம் போன்ற கேமராக்களுக்குச் செய்த அகன்ற கோண லென்ஸ்கள் அப்படியல்ல. அவற்றின் பின்பக்கக் கண்ணாடி சென்சாரை ஒட்டி நிற்கும். ஒளி ஓரங்களில் மிகச் சாய்வாக விழும். சென்சார் மேல் இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அந்தச் சாய்ந்த ஒளியைக் கலைத்துவிடுவதால், மலை உச்சி கூர்மையாகவும் மூலையிலிருக்கும் புல் குழைந்தும் தெரியும்.

இன்னொரு பக்கம், சொந்த லென்ஸுக்கு இல்லாத சௌகரியத்தை அடாப்டர் தரும் அதிசயமும் உண்டு. கேனானின் ஒரு அடாப்டரில் பக்கவாட்டில் ஃபில்டரைச் செருகலாம். முன்கண்ணாடி குமிழ்போல் உப்பியிருக்கும் 11–24 போன்ற லென்ஸ்களுக்கு முன்னால் சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. இந்த அடாப்டரால் பின்பக்கமாக மாட்டிவிடலாம். பட்டப்பகலில் அருவியைப் பால்போல் வழியவிட்டு எடுப்பவர்களுக்கு, புது லென்ஸைவிடப் பழைய லென்ஸும் இந்த வளையமும் சேர்ந்த ஜோடியே மேல்.

மலிவாகக் கிடைக்கிறதென்று 50 மி.மீ. லென்ஸில் நீட்டுவளையம் போட்டு மேக்ரோ எடுப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூவுக்குச் சரி. வால்பாறையில் மலபார் குழிவிரியன் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். 50-ல் அதன் முகத்தை நிரப்ப ஒரு சாண் தூரத்துக்குள் போக வேண்டும். 90, 105 அளவு லென்ஸ் அதே படத்தை இன்னும் தள்ளி நின்று தரும். பாம்புக்கும் தொந்தரவில்லை, எடுப்பவருக்கும் ஆபத்து குறைவு. கூடு கட்டியிருக்கும் பறவைக்கும் இதே கணக்குதான். லென்ஸின் நீளம் போதாதவர் கால்களால்தான் ஈடுகட்டுவார். தாய்ப்பறவை எழுந்துபோனால் வெயிலில் கிடப்பது முட்டை.

தோள்பட்டை சொல்லும் கணக்கு

நிக்கானின் பழைய 200–500 லென்ஸ் ட்ரைபாட் பட்டையோடு 2,300 கிராம், எஃப்டிஇஸட் 135 கிராம். 2023-ல் வந்த இஸட் 180–600, பட்டையோடு 2,140 கிராம். 600 வரை நீளமும் கூடுதல். ஜூம் செய்யும்போது லென்ஸ் முன்னால் நீளாததால் எடை ஒரே இடத்தில் நிற்கிறது. வேடந்தாங்கல் கரையில் மூன்று மணி நேரம் கையில் பிடித்து நிற்பவருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடாப்டர் என்பது கூடுதலாக ஒரு மூட்டு. மூட்டு என்றால் ஆட்டம் இருக்கும். மலிவான வளையத்தில் லென்ஸை லேசாகத் திருகினாலே கடகடவென்று ஆடும். ஒரு பக்கம் இம்மி சாய்ந்தாலும் படத்தின் இடது ஓரம் கூர்மை, வலது ஓரம் மங்கல். கனத்த லென்ஸை மாட்டிக்கொண்டு பாடியைப் பிடித்துத் தூக்கினால் மொத்த பாரமும் அந்த வளையத்தின் மேல்தான் விழும். எப்போதும் லென்ஸின் பட்டையைப் பிடித்தே தூக்க வேண்டும், ட்ரைபாடிலும் லென்ஸைத்தான் மாட்ட வேண்டும்.

தென்மேற்குப் பருவமழையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்கள், வளையத்தில் ரப்பர் விளிம்பு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கேனான், நிக்கான் அடாப்டர்களில் ஈரம் தடுக்கும் ஏற்பாடு உண்டு. பெயர் தெரியாத வளையங்களில் பெரும்பாலும் இருக்காது. பழவேற்காடு போன்ற உப்புக்காற்று இடங்களில் தொடர்பு முனைகள் மங்கும். அடாப்டர் போட்டால் முனைகள் இரட்டிப்பு. நிக்கான் திரையில் எஃப் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள், கேனானில் ‘எர்ர் 01’ வந்தால் பதறாமல் லென்ஸைக் கழற்றி, முனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

சந்தையில் என்ன நடக்கிறது?

டிஎஸ்எல்ஆரைக் கைவிட்டவர்கள் லென்ஸ்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவதால், செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒரு காலத்துக் கனவு லென்ஸ்கள் எட்டும் விலைக்கு வந்திருக்கின்றன. பறவைப் படம் தொடங்கும் கல்லூரி மாணவருக்கு, புது லென்ஸுக்காக வருடக்கணக்கில் பணம் சேர்ப்பதைவிட, அதே நிறுவனத்தின் பழைய டெலி லென்ஸும் அசல் அடாப்டரும் இன்றைக்கே போதும் என்பேன். வேறு நிறுவன லென்ஸை வளைத்துப் பிடித்து மாட்டும் சாகசத்தை மட்டும் பறவைக்கு வேண்டாம் என்று சொல்வேன்.

கேனான் வைத்திருப்பவர்களுக்கு அடாப்டர் இன்னும் பல காலம் துணை வரும். ஆர்எஃப் மவுண்ட்டில் பிற நிறுவனங்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை கேனான் நெடுநாள் அண்டவிடவில்லை. 2024-ல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைத் திறந்தபோதும் அது சிறிய சென்சாருக்கான லென்ஸ்களுக்கு மட்டும்தான். சிக்மாவின் 150–600 வேண்டுமென்றால் பழைய இஎஃப் மவுண்ட்டில் வாங்கி வளையம் போட்டுக்கொள்வதே வழி.

【 பெட்டிச் செய்தி: பழைய லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? 】

நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸின் முதல் எதிரி ஃபங்கஸ். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைகள் தெரிந்தால் வேண்டாம். இரண்டொரு தூசுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

மஞ்சள் பாரித்த லென்ஸ் எல்லாம் கெட்டதில்லை. சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற சிலவற்றின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். புறஊதா ஒளி பட்டால் மஞ்சள் குறையும். வெயிலில் வைப்பவர்கள் பக்கத்தில் காகிதம், துணி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பற்றிக்கொள்ளும்.

கேனான் இஎஃப், நிக்கான் இ வகை லென்ஸ்களில் அப்பெர்ச்சர் மின்சாரத்தில் இயங்கும். சிப் இல்லாத வளையத்தில் மாட்டினால் முழுதாகத் திறந்தபடியே நிற்கும், குறைக்க முடியாது.

விற்பவரிடம் போகும்போது உங்கள் பாடியையும் நீங்கள் வாங்கப்போகும் அடாப்டரையும் கையோடு கொண்டுபோங்கள். ஜூமின் கடைசி நீளத்தில் வைத்து, தெருவில் பறக்கும் காக்கையை எடுத்துப் பாருங்கள். நூறு படமாவது எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். அதற்கு ஒப்பாதவரிடம் பேரம் பேச வேண்டாம்.